12 வயதானால் ஹோட்டலுக்கு அவர் 'பெரியவர்': பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பம் அறையை எப்படிப் பதிவுசெய்வது?

சென்ற ஆண்டு டிசம்பர் மாதம். சிங்கப்பூரிலிருந்து காரில் கிளம்பிய அக்கா குடும்பம் பினாங்கு போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதரை. மகள் பிஎஸ்எல்இ எழுதி முடித்ததற்கான பரிசுப் பயணம் அது. மகன் உயர்நிலை இரண்டு. ஹோட்டல் கவுண்ட்டரில் நால்வரின் கடப்பிதழ்களையும் வாங்கிப் பார்த்த ஊழியர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாராம்:

"அக்கா, புக்கிங்ல ரெண்டு பேருன்னுதான் இருக்கு. நீங்க நாலு பேரு வந்திருக்கீங்களே."

"சின்னப் பிள்ளைங்கதானே தம்பி. இவளுக்குப் பத்து வயசுதான்" என்று சமாளிக்கப் பார்த்தார் அத்தான். கடப்பிதழ் அந்தத் தம்பியின் கையில்தான் இருந்தது. 12 வயது மகள் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அறையில் கூடுதல் படுக்கை ஒன்றுதான் போடமுடியும். நான்காவது ஆளுக்கு இடமில்லை. பள்ளி விடுமுறை வேறு. ஹோட்டலில் மிச்சம் இருந்தது வேறொரு மாடியில் ஓர் அறை. அன்றிரவு அதன் விலை, இரண்டு மாதத்துக்கு முன்பே அக்கா பதிவுசெய்திருந்த அறையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அக்கா என்னை அழைத்துக் கொட்டித் தீர்த்தார். முழுக்கோபமும் ஹோட்டல்மீதுதான். எனக்கென்னவோ ஹோட்டல்மீது தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. (அக்காவிடம் அப்போது சொல்லவில்லை.) பத்து ஆண்டுகளாகச் செய்துவந்ததையே அக்கா இந்தத் தடவையும் செய்திருந்தார்: இணையத்தில் 'பெரியவர்கள் 2' என்று தட்டிவிட்டு, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. பிள்ளைகளுக்கு 3 வயதும் 5 வயதுமாக இருந்தபோது அந்தக் கணக்கு சரியாக வந்தது. இப்போது மகன் அப்பாவைவிட உயரம்.

இந்தச் சிக்கல் பல வீடுகளில் வருகிறது. அதுவும் பெரும்பாலும் அதே ஆண்டில் வருகிறது. ஏன் என்று பார்ப்போம்.

பிள்ளை எப்போது 'பெரியவர்' ஆகிறார்?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டில்தான் 12 வயது நிறைகிறது. ஆண்டிறுதி விடுமுறை வரும்போது வகுப்பில் அநேகமாக எல்லாருக்கும் 12 முடிந்திருக்கும். "பரீட்சை முடியட்டும், எங்கேயாவது போவோம்" என்று சொல்லி வைத்த அந்தப் பயணத்தில்தான், பிள்ளை முதன்முறையாகப் பெரியவர் கணக்கில் வருகிறது.

விமானத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. 2 வயது முதல் 11 வயதுவரை பிள்ளை. 12 வந்தால் பெரியவருக்கான டிக்கெட். ஆசியாவில் நிறைய ஹோட்டல்கள் இதே 12-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. ஆனால் எல்லா ஹோட்டல்களுக்கும் பொதுவான விதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஹோட்டலும் தானே முடிவு செய்கிறது. சில இடங்களில் 5 வயதுவரைதான் இலவசம். சில இடங்களில் 17 வயதுப் பையனும் பிள்ளைதான்.

பதிவு இணையத்தளங்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகின்றன. புக்கிங் டாட் காம், அகோடா போன்றவற்றில் 17 வயதுவரை 'பிள்ளை' என்று போடலாம். கூடவே வயதையும் கேட்கும். ஏர்பிஎன்பியில் 13 வயது முதல் பெரியவர். பிரிட்டனின் பிரீமியர் இன் ஹோட்டல்களில் குடும்ப அறை என்பது இரண்டு பெரியவர்களுக்கும் 15 வயதுவரை உள்ள இரண்டு பிள்ளைகளுக்கும். இங்கே நம் ஊர் யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் மண்டாய் விலங்குத் தோட்டத்திலும் 12 வயதுப் பிள்ளை இன்னமும் பிள்ளைதான்.

அப்படியென்றால், அதே மாணவி விமானத்தில் பெரியவர், விலங்குத் தோட்டத்தில் சிறுவர், லண்டன் ஹோட்டலில் சிறுவர், பினாங்கு ஹோட்டலில் பெரியவர். ஒரே வாரத்தில்கூட இது நடக்கலாம்!

இணையத்தளத்தில் 'பிள்ளை' என்று போட முடிந்தது என்பதற்காக ஹோட்டலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கவேண்டாம். அறையின் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் 'பிள்ளைகள், கூடுதல் படுக்கைகள்' என்றொரு பகுதி இருக்கும். யாரும் படிக்காத பகுதி. அந்த ஹோட்டலின் எல்லை எந்த வயது, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, எத்தனை போடலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நான்கு பேர் படுத்துக்கொள்வதில் அவர்களுக்கு என்ன நட்டம்?

அக்கா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

காசு ஒரு காரணம். அறை விலையில் பெரும்பாலும் இருவருக்கான காலை உணவு, துண்டு, தண்ணீர் எல்லாம் அடக்கம். நான்கு பேர் போய் உட்கார்ந்தால் செலவு கூடும். ஆனால் காசு மட்டுமே காரணமில்லை. அவசரநிலையில், குறிப்பாகத் தீ விபத்து நேர்ந்தால், எந்த அறையில் எத்தனை பேர் என்று ஹோட்டலுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இருவருக்கான அறையில் நடைபாதையை அடைத்து இரண்டு மெத்தை போட்டால் கதவை நோக்கி ஓடவும் வழி இருக்காது. அதனால் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர்தான் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அந்த எண்ணிக்கையில் பிள்ளைகளும் அடக்கம். கைக்குழந்தைக்குச் சலுகை காட்டலாம், 14 வயதுப் பையனுக்கு முடியாது.

பெயர் பதியாத ஆள் அறையில் இருந்தால் ஹோட்டல் கூடுதல் கட்டணம் கேட்கலாம், அறை தர மறுக்கவும் செய்யலாம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற மலிவு விலையில் பதிவு செய்திருந்தால் அந்தப் பணமும் போச்சு.

படுக்கை: பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்

'ஃபேமிலி ரூம்' என்று போட்டிருந்தால் நம் குடும்பத்துக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலான குடும்ப அறைகள் சின்னப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைத்தவை. பெரிய கட்டில் ஒன்று, மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில் ஒன்று, சுவரில் கார்ட்டூன் படம். உயர்நிலைப் பள்ளி மாணவனை அந்த மேல் கட்டிலில் ஏற்றினால் காலை எங்கே நீட்டுவான்?

'டபுள்' என்றால் இருவர் படுக்கும் ஒரே கட்டில். 'ட்வின்' என்றால் தனித்தனிக் கட்டில் இரண்டு. இந்த இரண்டையும் மாற்றிப் பதிவு செய்துவிட்டு அண்ணனும் தங்கையும் ஒரே கட்டிலைப் பார்த்து முகம் சுளிப்பது அடிக்கடி நடக்கிறது. 'குவாட்' என்றால் நால்வருக்கு. ஆனால் நான்கு கட்டில் என்று அர்த்தமில்லை. இரண்டு குயீன் கட்டில்களாகவும் இருக்கலாம்.

குயீன் மெத்தையின் அகலம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். இருவர் பங்கு போட்டால் ஒருவருக்கு 76. வீட்டில் 107 சென்டிமீட்டர் சூப்பர் சிங்கிளில் தனியாகப் புரண்டு படுத்துப் பழகிய பையன் அவன். ஒரு ராத்திரி தாங்குவான். நான்கு ராத்திரி என்றால் விடுமுறை முழுக்க முணுமுணுப்புதான்.

'சோஃபா பெட்' என்ற சொல்லைப் பார்த்தால் படத்தைத் தேடிப் பாருங்கள். விரித்தபிறகு எப்படி இருக்கும் என்று படம் இல்லையென்றால் ஹோட்டலிடம் கேட்டுவிடுவது நல்லது.

அக்கா மகளிடம், "அடுத்த தடவை போகும்போது உனக்கு ஹோட்டல்ல என்ன வேணும்?" என்று கேட்டேன். நீச்சல் குளம், வைஃபை என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"கதவு மூடுற பாத்ரூம்."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளக்கினாள். அதற்கு முந்திய ஆண்டு போன ஓர் ஊரில் குளியலறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே திரை இருந்தது, ஆனால் பாதிதான் இறங்கியது. அவள் குளிக்கும்போதெல்லாம் அப்பாவும் அண்ணனும் தாழ்வாரத்தில் போய் நிற்கவேண்டும். மூன்று நாளும் அப்படித்தான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதிய ஹோட்டல்கள் பலவற்றில் இந்தக் கண்ணாடிக் குளியலறை இருக்கிறது. தேனிலவுத் தம்பதிக்கு அழகாக இருக்கலாம். அறை பெரிதாகத் தெரியும் என்பதற்காகவும் வைக்கிறார்கள். பதின்ம வயது மகளோ மகனோ இருக்கும் வீட்டுக்கு அது பெரிய தலைவலி. இணையத்தளத்தில் படுக்கையின் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் குளியலறையின் படத்தையும் பாருங்கள். சுவர் எது, கதவு எது என்று தெரியாவிட்டால், தங்கிப் போனவர்களின் கருத்துகளில் 'கண்ணாடி' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தால் யாராவது புலம்பியிருப்பார்கள்.

ஒரு பெரிய அறையா, இரண்டு சாதாரண அறையா?

இரண்டு அறை என்றாலே இரண்டு மடங்கு செலவு என்று பயப்படுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சில நேரம் வேறு மாதிரி வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

மலேசிய ஹோட்டல் ஒன்றில் இருவருக்கான அறை, காலை உணவோடு, ஓர் இரவுக்கு 300 ரிங்கிட். நால்வருக்கான குடும்ப அறை 480 ரிங்கிட். ஆனால் அதில் இருவருக்குத்தான் காலை உணவு. 12 வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகளுக்கும் பெரியவர் கட்டணம், ஆளுக்கு 40 ரிங்கிட். ஆகமொத்தம் 560 ரிங்கிட். இரண்டு சாதாரண அறைகள் எடுத்தால் 600. வித்தியாசம் 40 ரிங்கிட்தான்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுக்குச் சுற்றுலா வரி இருக்கிறது: ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆளுக்கு இத்தனை என்று இல்லாமல் அறைக்கு இத்தனை என்று கணக்கு. மலேசியர்களுக்கும் அங்குள்ள நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது, சிங்கப்பூரர்கள் கட்டவேண்டும். இணையத்தில் முழுப்பணம் கட்டியிருந்தாலும் இதைப் பெரும்பாலும் கவுண்ட்டரில் தனியாகக் கேட்பார்கள். இரண்டு அறை எடுத்தால் 20 ரிங்கிட். பினாங்கில் உள்ளூராட்சிக் கட்டணம் என்று அறைக்கு 2 அல்லது 3 ரிங்கிட் சேரும்.

எல்லாம் கூட்டினாலும் நம் உதாரணத்தில் ஓர் இரவுக்குக் கூடுதலாகப் போவது 53 ரிங்கிட். சிங்கப்பூர்க் காசில் 20 வெள்ளிகூட இல்லை. அதற்கு இரண்டு குளியலறை கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு நான்கு பேரும் கிளம்பவேண்டிய வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டியதில்லை.

எல்லா ஊரிலும் கணக்கு இப்படி வராது. சிங்கப்பூரிலேயே விடுமுறைக்குத் தங்குபவர்கள் 'பிளஸ் பிளஸ்' என்ற இரண்டு கூட்டல் குறிகளை மறக்கக்கூடாது. அறை விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைமீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 300 வெள்ளி என்று தெரியும் அறைக்குக் கடைசியில் கட்டுவது 359 வெள்ளி 70 காசு. இரண்டு அறை என்றால் 719 வெள்ளி 40 காசு. இங்கே கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்கள் பெரிய அறையைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆக, அறையின் விலையை மட்டும் ஒப்பிடாமல், சாப்பாடு, வரி, படுக்கை எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்.

பிள்ளைகளைத் தனி அறையில் விடலாமா?

இரண்டு அறை எடுப்பதில் பெற்றோருக்கு உள்ள உண்மையான தயக்கம் இதுதான். ஹோட்டலுக்கும் அதே தயக்கம் உண்டு. 18 வயது நிறையாதவர்கள் மட்டும் ஓர் அறையில் பதிவுசெய்யப் பெரும்பாலான ஹோட்டல்கள் விடுவதில்லை. லாஸ் வேகஸ் ஹோட்டல்கள் பலவற்றில் செக்-இன் செய்பவருக்கு 21 வயது இருக்கவேண்டும். இணையத்தில் 'அறை 1: பெரியவர்கள் 2, அறை 2: பிள்ளைகள் 2' என்று போட முயன்றால் பல தளங்கள் ஏற்காது.

அதனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயரைப் போடுங்கள். அம்மாவும் மகளும் ஓர் அறை, அப்பாவும் மகனும் ஓர் அறை என்று பிரித்துக்கொள்வது நம் குடும்பங்களுக்கு இயல்பாகவே ஒத்துவரும். பாட்டி உடன் வருகிறார் என்றால் இன்னும் சுலபம். மூவர் அறையில் பாட்டியோடு பேரப்பிள்ளைகள், இன்னோர் அறையில் பெற்றோர். (பாட்டியின் குறட்டைக்கு நான் பொறுப்பில்லை.)

அறைகள் எப்படி அமையவேண்டும் என்பதையும் கேட்டு வைக்கவேண்டும். இங்கே சொற்குழப்பம் ஒன்று இருக்கிறது. 'கனெக்டிங் ரூம்' என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் உள்கதவு இருக்கும். தாழ்வாரத்துக்கு வராமலேயே போய் வரலாம். 'அட்ஜாயினிங்' என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். உள்கதவு இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தொலைபேசியில் கேட்கும்போது சொல்லை நம்பாமல், "நடுவுல கதவு இருக்குமா?" என்றே கேட்டுவிடுங்கள்.

உள்கதவு உள்ள அறைகள் எந்த ஹோட்டலிலும் குறைவாகத்தான் இருக்கும். பதிவுத்தளத்தில் 'சிறப்புக் கோரிக்கை' என்ற கட்டத்தில் எழுதினால் கிடைத்துவிடும் என்று நினைப்பது தப்பு. அது வெறும் கோரிக்கைதான். முடிந்தால் தருவார்கள். ஹில்டன் குழுமம் 2021இல் இத்தகைய அறைகளை இணையத்திலேயே உறுதிசெய்து பதிவுசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற இடங்களில் ஹோட்டலை நேரடியாகத் தொடர்புகொண்டு, உறுதி என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்வதுதான் வழி. தொலைபேசியில் "ஓகே ஓகே" என்று சொன்னவர் நீங்கள் போகும் நாளன்று வேலையில் இல்லாமல் போகலாம்.

வீடு எடுத்துத் தங்கினால்?

ஐந்து பேருக்கு மேல் போனால் இரண்டு மூன்று அறைகள் உள்ள அடுக்குமாடி வீடு பல நேரம் மலிவு. துணி துவைக்கலாம். பிள்ளைகளுக்கு நள்ளிரவில் பசித்தால் மேகி போட்டுக் கொடுக்கலாம். ஆனால் விதிகளைப் பார்க்கவேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகம் குறுகியகால வாடகையைத் தடை செய்யலாம் என்று மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதனால் ஒரு கட்டடத்தில் அனுமதி இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்காது. வீட்டுக்காரர், "கார்ட் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க" என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த வீடு வேண்டாம். நள்ளிரவில் பிள்ளைகளோடு வாசலில் நிற்பது நீங்கள்தான்.

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் சிங்கப்பூர் வருகிறது, அவர்களுக்கு இங்கே ஒரு வீடு பிடிக்கலாமா? முடியாது. இங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கும் வீவக வீடுகளைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். சில நாள் மட்டும் தங்க வருபவர்களுக்கு ஹோட்டல்தான், இல்லையென்றால் உங்கள் வீட்டு ஹால்!

சென்னைக்கும் ஜப்பானுக்கும் போகிறவர்கள்

சென்னையிலோ மதுரையிலோ கல்யாணத்துக்குப் போய் ஹோட்டலில் தங்கும்போது, ஓர் அறைக்கு மூன்று பெரியவர்களுக்கு மேல் அநேகமாக விடமாட்டார்கள். 12 வயதைத் தாண்டினால் அந்த மூவரில் ஒருவராகத்தான் கணக்கு. 'எக்ஸ்ட்ரா பெட்' என்று காசு வாங்குவது பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தைக்குத்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள், பையனுக்குக் கொடுங்கள். தங்கும் வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும். அதனால் பிள்ளைகளின் கடப்பிதழையும் விசாவையும் வாங்கி நகல் எடுப்பார்கள். அங்கே வயதைக் குறைத்துச் சொல்லிப் பயனே இல்லை.

ஜப்பானில் இன்னும் கறார். அறைக்கு இத்தனை என்பதைவிட ஆளுக்கு இத்தனை என்று விலை வைப்பது அங்கே வழக்கம். 'சொய்னே' என்று ஒன்று இருக்கிறது: பெற்றோரோடு ஒரே படுக்கையில் உறங்கும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அது பள்ளி செல்லாத பிள்ளைக்கு, அல்லது தொடக்கப்பள்ளி முடியும்வரை. உயர்நிலை மாணவருக்குப் பொருந்தாது. நகர ஹோட்டல்களில் அறைகளும் சிறியவை. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. பாய் விரித்த பாரம்பரிய அறைகள் உள்ள தங்குமிடங்களில் நான்கைந்து பேர் வரிசையாக மெத்தை போட்டுப் படுக்கலாம். பாட்டி வீட்டில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அது பிடித்துப்போகும்.

உண்மை வயதைப் போடுங்கள்

இதை விதிக்காகச் சொல்லவில்லை, உங்கள் காசுக்காகச் சொல்கிறேன். தேடும்போதே உண்மை எண்ணிக்கையையும் உண்மை வயதையும் போட்டால், நால்வருக்கு இடமில்லாத அறைகளில் பெரும்பாலானவை பட்டியலிலேயே வராது. முதலில் விலை கூடுதலாகத் தெரியும். மனம் கேட்காது. ஆனால் கவுண்ட்டரில் கட்டப்போகும் விலைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். வயதைக் கணக்கிடும்போது பதிவுசெய்யும் நாளைப் பார்க்காமல் போய்த் தங்கும் நாளைப் பாருங்கள். ஜனவரியில் பதிவுசெய்யும்போது 11, ஜூனில் போய் இறங்கும்போது 12 என்றால், 12 என்றே போடுங்கள்.

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் நால்வருக்கான அறைகளும் உள்கதவு உள்ள அறைகளும்தான் முதலில் தீரும். கட்டணமின்றி ரத்து செய்யும் வாய்ப்புள்ள விலையில் முன்கூட்டியே பிடித்து வைத்துவிட்டு, ரத்து செய்வதற்கான கடைசி நாளைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாம். அதற்குள் நல்ல விலை கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் தப்பில்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. அன்றிரவு பினாங்கில் போன காசை அத்தான் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார். "பத்து வயசுதான்" என்று அப்பா சொன்னதை மகள் மறக்கவில்லை. "எனக்குத்தான் பரிசுன்னு சொல்லிட்டு, அங்கே போய் என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். பரீட்சை எழுதும்போது "நீ இப்ப பெரிய பிள்ளை" என்று சொல்லிச் சொல்லித்தான் அவளைப் படிக்க வைத்தார்கள்.

இந்த ஜூன் விடுமுறைக்கு மலாக்கா. சென்ற வாரம் அக்கா வீட்டில் உணவு மேசைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கதவு உள்ள இரண்டு அறைகள், ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டு, பதிலும் வந்துவிட்டது. குளியலறைப் படத்தை மகள் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவர் சுவராகவே இருந்தது. வயது கேட்கும் கட்டம் வந்ததும் அத்தான் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

13 என்று அவளே தட்டினாள்.